சத்தமே கேட்காது

பிரசவ அறைக்கு ஏசி போடும் டெண்டரில் கையெழுத்து விழுந்த மதியத்திலிருந்து, அந்த அறையில் பிறக்கும் குழந்தைகளின் அழுகை யாருக்கும் கேட்காமல் போயிற்று. குழந்தைகள் அழத்தான் செய்தன. வாய் திறந்தது, முகம் சிவந்தது, கைகால் உதறியது. சத்தம் மட்டும் இல்லை. கீழே விழுந்த தட்டுக்கும் சத்தமில்லை, டாக்டர் போட்ட அதட்டலுக்கும் இல்லை. மெஷின்கள் இன்னும் குடோனில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தன. தலைமை நர்ஸ் தன் காதுதான் போயிற்று என்று அலறியடித்துக்கொண்டு காது டாக்டரிடம் ஓடினாள். மறுநாள் ஒரு சிலேட்டை வாங்கி, ‘முக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டிப் பிரசவம் பார்த்தாள்.

செய்தி காதில் விழுந்ததும், ஊரார் டெண்டர் அக்கா என்று கூப்பிடுகிறவள் தான் எழுதிய அந்த டெண்டரின் நகலைத் தேடி எடுத்தாள். ஏசி, ஹீட்டர் போடுகிற முதலாளிகளுக்கு டெண்டர் எழுதிக் கொடுப்பதே அவள் பிழைப்பு. அவள் எழுதினால் வேலை கிடைத்துவிடும், அதில் ஊருக்குச் சந்தேகமில்லை. எழுதியது அப்படியே பலித்தும்விடும் என்பதுதான் தொல்லை. ஒரு வங்கிக்கு, ‘உள்ளே வந்தவருக்குக் கோடையே தெரியாது’ என்று எழுதினாள். கோடை என்றால் என்ன என்று காசாளர் வாடிக்கையாளர்களிடம் கேட்க ஆரம்பித்தார், இன்றுவரை கேட்கிறார். ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு, ‘சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கும்’ என்று எழுதினாள். வந்தவர்கள் செருப்பை ஆளுக்கொரு மூலையில் விட்டெறிந்து, மேனேஜர் அறை சோபாவில் காலை நீட்டித் தூங்கினார்கள். அதற்கெல்லாம் சிரித்துத் தொலைக்கலாம். இதற்கு எப்படிச் சிரிப்பது?

தவறு எங்கே நடந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். விவரம் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும், மீறினால் டெண்டரைப் பிரிக்கவே மாட்டோம் என்பது ஆஸ்பத்திரியின் விதி. அவள் எழுதியதில் கடைசிச் சொல் மட்டும் இரண்டாம் பக்கத்தில் போய்த் தொங்கியது. அதை மேலே இழுக்க எதையாவது வெட்டியாக வேண்டும். ‘அறையில் இயந்திரத்தின் சத்தமே கேட்காது’ என்ற வரியில், எவ்வளவு நீளமாக இருக்கிறது பார் சனியன் என்று ‘இயந்திரத்தின்’ என்பதை வெட்டினாள். பக்கம் அழகாக அடங்கியது. அவளும் நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

அவள் தங்கை நிறைமாதம். முதல் பிரசவத்தில் பிள்ளை அழவில்லை. இப்போ அழும், இதோ அழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவளிடம் துணியில் சுற்றியதைத்தான் கொடுத்தார்கள். அன்று அவளையாவது பிழைக்கவைத்த டாக்டர் இந்த ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். அந்த டாக்டரை விட்டு வேறெங்கும் வரமாட்டேன் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். “எனக்கு வேற எதுவும் வேணாம்க்கா. அழுற சத்தம் ஒரு தடவ காதுல விழுந்துட்டாப் போதும்” என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அக்கா அந்த டெண்டரை எடுத்த ஏசி முதலாளியிடம் ஓடினாள். உடம்பைப் பார்த்து அவருக்கு ஊர் வைத்த பெயர் ஒன்றரை டன். “ஒரே ஒரு வார்த்தைங்க, உள்ள சேர்த்துடுறேன்” என்று கெஞ்சினாள். “கையெழுத்தானதுல ஒரு புள்ளி வைக்க முடியாதும்மா, நீ என்ன சின்னக் குழந்தையா?” என்றார் ஒன்றரை டன். அப்படியானால் டெண்டரையே ரத்து செய்யுங்கள் என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரித்தார். அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணும் மூடவில்லை. அழாத பிள்ளையும் அழுகிற பிள்ளையும் அந்த அறையில் ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ராத்திரி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

வலி கண்டதும் அக்காவும் கூடவே உள்ளே போனாள். தங்கை கத்தினாள், வாய் மட்டும் தெரிந்தது. நர்ஸ் சிலேட்டைக் காட்டினாள், அழித்தாள், மறுபடி காட்டினாள். பிள்ளை வந்தது. பெண். நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் முதுகைத் தேய்த்தார், காலைச் சுண்டினார். வாய் லேசாகத் திறந்தது. அழுகையா, வெறும் வாயா? டாக்டரே குழந்தையின் வாயருகில் காதை வைத்துவிட்டு, இங்கே எதுவும் கேட்காது என்பது உறைத்து நிமிர்ந்தார். தங்கை எல்லாரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அக்காவுக்கு, அதே டெண்டரில் தானே டைப் அடித்த வரி நினைவுக்கு வந்தது: ‘வேலையின் எல்லை பிரசவ அறை வாசற்படியோடு முடியும், நடைபாதை இதில் சேராது.’ தொப்புள்கொடி வெட்டியதும் பிள்ளையை டாக்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவைத் தோளால் இடித்துத் திறந்து படியைத் தாண்டினாள்.

நடைபாதையில் விசிறி கிறீச்சிட்டது, யாரோ தும்மினார்கள், பிள்ளை வீறிட்டது. என்ன சத்தம்! தங்கையின் புருஷன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார்.

அக்கா அழுதுகொண்டே திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவுக்கு உள்ளே, கைக்கெட்டும் தூரத்தில், தங்கை தலையைத் தூக்கிக் காதைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. டாக்டர் கைகாட்ட, நர்ஸ்கள் கட்டிலை உருட்டிக்கொண்டு வந்து படியைத் தாண்டுவதற்குள் பிள்ளை ஓய்ந்துபோய் விரலைச் சப்ப ஆரம்பித்திருந்தது. தங்கை அதன் முகத்தையும் அக்காவின் முகத்தையும் பார்த்தாள்.

“அழுதுச்சாக்கா?”

“அழுதுச்சுடீ.”

“நிஜமா? பொய் சொல்லாத.”

அக்கா பிள்ளையின் பாதத்தைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். அது மூச்சைப் பிடித்து, ஊரைக் கூட்டியது. “இன்னொரு தடவ கிள்ளுக்கா” என்றாள் தங்கை.

பிறகு மெஷின்கள் வந்தன, நன்றாகவே ஓடின. இப்போது அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் அறையில் பிறந்து நடைபாதையில் அழுகின்றன. கட்டில் உருளுவதற்காக வாசற்படியைச் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.