மேடைக்கு அடியில் அரிசி

மலாயாவுல ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுல நம்ம சனங்க கட்டுன நாடகக் கொட்டகை ஒண்ணு இருந்துச்சு. தொரை ஒரு ஆணிகூடக் கொடுக்கல. பால் வெட்டிட்டு வந்த கையோட மரம் அறுத்து, தகரம் வாங்கி, தாங்களே எழுப்புனது. நாடகம் மட்டுமா நடந்துச்சு அங்க? கல்யாணம் அங்கதான், சங்கக் கூட்டம் அங்கதான். சண்டைக் காலத்துல சப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துட்டுப் போனதுல உசுரோட திரும்புன நாலு பேரு, எலும்பும் தோலுமா படுத்துக் கிடந்ததும் அந்த மேடையிலதான். அவங்களுக்கு வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சி ஊத்துனாங்க. அப்பேர்ப்பட்ட இடம்.

அப்புறம் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்து தொலைஞ்சுது. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்குச் சோறு போயிடக் கூடாதுன்னு சனங்க குடியிருந்த லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டாங்க. போட்ட புண்ணியவான் கொட்டகையைக் கம்பிக்கு வெளிய விட்டுட்டான். வெளிய இருந்தா காட்டுக்காரன் வந்து தங்குவானாம், பிரிச்சுப் போடுன்னு உத்தரவு. யாரு கட்டுனதை யாரு பிரிக்கிறது? கேட்க ஆளில்ல. சனங்க கெஞ்சிக் கூத்தாடி, கடைசியா ஒரே ஒரு நாடகத்துக்கு அனுமதி வாங்குனாங்க. அதுவும் பட்டப்பகல்ல, இருட்டுறதுக்குள்ள எல்லாரும் கம்பிக்குள்ள வந்துடணும்.

ராஜா வேஷம் சன்னாசிக்கு. கடைசிக் காட்சியில ராஜா போர்க்களத்துல விழுந்து சாகணும். சன்னாசி செத்தா பொம்பளைங்க நெஜமாவே மாரடிச்சுக்குவாங்க, அப்படிச் சாவான் மனுசன். அவன் பொண்டாட்டி பஞ்சாலை மட்டும் அந்தக் காட்சி வந்தாலே முகத்தைத் திருப்பிக்குவா.

அந்தக் கொட்டகைக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. மேடையில சாகிற வேஷம் கட்டுறவன் பேருல ஒரு பிடி அரிசியைத் துணியில முடிஞ்சு, மேடைப் பலகைக்கு அடியில வைக்கணும். வச்சா சாவு மேடையோட நின்னுடும், அவன் பின்னாலேயே வீட்டுக்கு வராது. அடுத்த நாடகம் வரைக்கும் அந்த முடிச்சை ஒருத்தரும் தொடக் கூடாது.

இப்போதான் ஒரு மணி அரிசி வேலி கேட்டைத் தாண்டக் கூடாதே. பிடிச்சா வருசக்கணக்குல உள்ள தள்ளிடுவான், இல்லேன்னா கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவான். நாடகத்தை நடத்துன, தோட்டத்து மேஸ்திரி நல்லசாமி மண்டோர், இந்தத் தடவை அரிசி வேணாம், சாமி கோவிச்சுக்காதுன்னுட்டாரு. சன்னாசியும் தலையாட்டிட்டான். பஞ்சாலைக்கு மனசு கேட்கல. ரெண்டு புள்ளைய மண்ணுல வச்சவ அவ. மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன். இவனையும் சாவுக்குக் காட்டிக் கொடுக்கவான்னு அவளுக்குப் பதறுச்சு. யாருக்கும் சொல்லாம, ராஜா கிரீடத்துக்கு உள்துணி போட்டு, நடுவுல ஒரு பிடி அரிசியைப் பரப்பித் தெச்சுட்டா.

சன்னாசிக்கு இது தெரியாது. ஞாயித்துக்கிழமை கிரீடத்தைத் தலையில வச்சுக்கிட்டே கேட்டைத் தாண்டுனான். அவனைத் தடவிப் பார்த்த சிப்பாய் சிரிச்சுக்கிட்டே சல்யூட் வேற அடிச்சான். கொட்டகைக்குள்ள போனதும் பஞ்சாலை கிரீடத்தை வாங்கி, யாரும் பார்க்காம தையலைப் பிரிச்சா. மேடைக்கு அடியில போன தடவை வச்ச அரிசியை எலி தின்னுட்டு, கந்தல் துணி மட்டும் கெடந்துச்சு. அந்தத் துணியிலேயே புது அரிசியை முடிஞ்சு வச்சா. அன்னிக்குத்தான் அவ அவன் சாகிறதை நிம்மதியாப் பார்த்தா.

நாடகம் முடிஞ்சு சனம் கெளம்புறப்போ போலீஸ் கொட்டகையைச் சோதனை போட்டுச்சு. முடிச்சு கெடைச்சுது. கூட வந்த வெள்ளைக்கார அதிகாரி முன்னாடி எங்கேயோ எஸ்டேட் தொரையா இருந்தவரு, லயத்துத் தமிழ் தண்ணி பட்ட பாடு. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, யாரு வச்சது இதுன்னு கேட்டாரு. பஞ்சாலை முகம் வெளுத்துப் போச்சு. சன்னாசி அதைப் பார்த்தான், பார்த்ததுமே அவனுக்கு விளங்கிடுச்சு. அவ வாயத் திறக்குறதுக்குள்ள, "நான்தான் தொரை"ன்னு முன்னால வந்துட்டான். அவனையும், விசாரணைக்குன்னு நல்லசாமியையும் லாரியில ஏத்துனாங்க. பஞ்சாலை அலறிக்கிட்டே லாரி பின்னால ஓடி, கேட்டுக்கிட்ட விழுந்தா.

மறுநாள் காலையில நல்லசாமி மட்டும் திரும்பி வந்தாரு. பஞ்சாலை அவரு காலைப் பிடிச்சுக்கிட்டு, என் புருஷன் எங்க மண்டோரேன்னு கேட்டா. லயத்துல யாரு போலீஸுக்குச் சொல்றவன், யாரு காட்டுக்குச் சொல்றவன்னு தெரியாத காலம். அவரு சுத்தும் முத்தும் பார்த்துட்டு, வந்துடுவான், நீ வாயத் தொறக்காம வீட்டுல கெடன்னு மட்டும் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாரு. அட மனுசா, காதோட காதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! தன் தோலைக் காப்பாத்திக்கிட்டு என் புருஷனை வித்துட்டு வந்துட்டான் பாவின்னுதான் பஞ்சாலை நெனைச்சா. செஞ்சவ நான், அவன் ஏன் உள்ள கெடக்கணும்னு, ரந்தாவ் ஸ்டேஷனுக்கு வெயில்ல நடையைக் கட்டுனா.

அதிகாரி அவளை உட்காரச் சொன்னாரு. அவ உட்காரல. அரிசி வச்சது நான் தொரை, என் புருஷனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மூச்சு வாங்கச் சொன்னா. அரிசி எப்படிக் கேட்டைத் தாண்டுச்சுன்னு அவரு மெதுவாக் கேட்டாரு. நிஜத்தைச் சொன்னா விட்டுடுவாருன்னு நம்பி, கிரீடம், உள்துணி, தையல் எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னா.

"எப்ப தெச்ச?"

"முந்தாநேத்து, தொரை."

அவரு பேனாவைக் கீழ வச்சாரு. "அது வேலி போடுறதுக்கு முன்னாடி வச்ச அரிசின்னு உன் புருஷன் சொன்னான். மண்டோரும் அதையேதான் சொன்னான். துணியும் பழைய துணி. இன்னிக்குச் சாயங்காலம் அவனை அனுப்பிடலாம்னு இருந்தேன்."

ஆமா தொரை, பழைய அரிசிதான், நான் பைத்தியக்காரி, பொய் சொல்லிட்டேன்னு பஞ்சாலை தரையில விழுந்து கும்பிட்டா. அவரு சன்னாசியைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு.

சாயம்கூடக் கழுவாத மூஞ்சியோட வந்தான் அவன். அவ சொன்னதை அதிகாரி திருப்பிச் சொல்லி, நெஜமான்னு கேட்டாரு. சன்னாசி தரையில கெடந்தவளைப் பார்த்தான். அவளைப் பொய்க்காரின்னா இனிமே நம்ப மாட்டாங்க, ஆமான்னா அவளையும் உள்ள போட்டுடுவாங்க.

"கிரீடத்துல தெச்சதும் நான்தான் தொரை. அவ என்னைக் காப்பாத்த வந்திருக்கா."

இல்ல, இல்லன்னு பஞ்சாலை தலையால தரையை முட்டுனா. அதிகாரி அவன் சொன்னதைத்தான் எழுதுனாரு. போலீஸ்காரன் அவன் கையில விலங்கு மாட்டுறப்போ சன்னாசி அவ பக்கம் குனிஞ்சான். கோவமே இல்ல அவன் குரல்ல.

"இவ்வளவு தூரம் தனியாவா நடந்து வந்தே?"ன்னு கேட்டான்.