விதவைக்கு ஒரு தொகுதி

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் டிரகியர் போர்முனையில் இறந்ததும், தொகுதி எனக்குத்தான் என்று நினைத்தேன். கார்ன்வால் மாவட்டம் முழுக்கக் கட்சிக்காகப் பேசியவன் நான். போர் முடியும்வரை காலியாகும் தொகுதியை வைத்திருந்த கட்சியை மற்ற பெரிய கட்சிகள் எதிர்ப்பதில்லை என்று உடன்பாடு இருந்தது. எங்கள் கட்சி யாரை நிறுத்துகிறதோ, பெரும்பாலும் அவருக்கே வெற்றி.

கட்சி டிரகியரின் மனைவி மொர்வென்னாவை நிறுத்தியது.

"உனக்குப் பேச்சு வரும் டென்சில், இல்லங்கல," என்றார் தலைவர் பாஸ்கோ. "ஆனா உன் மூஞ்சியப் பாத்து யாருக்குய்யா அழுக வரும்?"

அதே குளிர்காலத்தில்தான் என் மனைவி லவ்டே குண்டுவீச்சில் இறந்தாள், துறைமுகத் தெருப் பதுங்கறையின் பூட்டிய கதவுக்கு வெளியே. சாவி வைத்திருந்தவர் வந்து சேரவில்லை. மொர்வென்னாவுக்கும் எனக்கும் ஒரே இழப்பு. அவளுக்கு மட்டும் அது தேர்தலில் நிற்கும் தகுதி ஆயிற்று.

வழிகாட்ட அவளோடு வீடு வீடாகப் போனேன். "உள்ள வா கண்ணு," என்று பெண்கள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். ரேஷன் சர்க்கரையைத் தேநீரில் போட்டுக் கலக்கினார்கள். வாசலில் நின்ற எனக்கும் தேநீர் வந்தது, சர்க்கரை இல்லாமல்.

"பதுங்கறைப் பூட்டுகளக் கழட்டணும்னு பேசப்போறேன்," என்றாள் திரும்பும் வழியில். "லவ்டே பேரச் சொல்லலாமா?"

"கூடாது."

"சரி. சொல்லமாட்டேன்."

என்னிடம் மிச்சம் இருந்தது அந்தப் பெயர்தான். அதையும் கொடுப்பதாக இல்லை.

சனிக்கிழமை மதியம் கூட்டம். பூட்டுகளைப் பற்றி அவள் ஆரம்பித்ததுமே மீனவர் ஹோஸ்கன் எழுந்தார்.

"ஏம்மா, கோட்டு, கடிகாரம், தொகுதி எல்லாத்தையும் உயில்ல எழுதி வச்சிட்டாரா உன் புருஷன்?"

மண்டபம் சிரித்தது.

"தெறந்து போட்டா குடிகாரப்பயலுகதான் உள்ள படுப்பானுக. பூட்டுனதால யாரு செத்தா?"

"செத்திருக்காங்க," என்றாள்.

"பேரச் சொல்லு!"

அவள் மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு கூடியது. எனக்கு இனித்தது. நான் பேசாமல் இருந்தால் போதும், அவள் கதை முடிந்தது.

"பாத்தீங்களா! அப்பிடி ஒருத்தருமே இல்ல!"

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"இருந்தா. லவ்டே. எம் பொண்டாட்டி. துறைமுகத் தெருவுல, கதவத் தட்டிக்கிட்டே செத்தா."

ஹோஸ்கன் தொப்பியைக் கழற்றினார். பிறகு மண்டபமே எழுந்து கைதட்டியது, மேடையைப் பார்த்து.

அவள் ஜெயித்தாள். கோடைக்குள் பூட்டுகள் போயின. லண்டனில் அவள் பேசிய முதல் பேச்சைப் பத்திரிகைகள் முழுதாகப் போட்டன. வரி வரியாகப் படித்தேன். லவ்டேயின் பெயர் எங்கும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள்.

குறை சொல்ல எனக்கு ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாம்.