ஓடையைத் தாண்டும்வரை

இளவரசன் மார்த்திம் கொள்ளைநோயில் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் நாட்டின் எல்லையான காயா ஓடைக்கரையில் நின்ற ஒருவர் உடம்பிலும் துக்கத்துக்கு உடுத்தும் முரட்டு வெள்ளைக் கம்பளி இல்லை. அவன் அக்காள் கியோமார் ஓடையைத் தாண்டும்வரை யாரும் அதை உடுத்தக் கூடாது என்பது அரசர் ஆணை. ஏழு வயதுப் பெண்ணை, நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டில் வளர்வதற்காகக் அக்கரையில் உள்ள காஸ்தீலியா நாட்டுக்கு அனுப்பும் நாள் அது. தம்பி செத்தது தெரிந்தால் கிளம்பமாட்டாள். அவள் போகாவிட்டால் மறுபடியும் போர்.

இருவருக்கும் பால் கொடுத்தவள் ஓரோவானா. கூடப் போகிறவளும் அவள்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று கோவேறு கழுதையின் சேணத்தையே இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ராணி அல்தொன்சா சிவப்புப் பட்டில் வந்தாள்.

"இன்னிக்கு உங்களுக்குத்தான் கல்யாணம் மாதிரி இருக்கும்மா" என்றாள் கியோமார்.

"வாயாடி. மாமியார்கிட்ட இப்படிப் பேசிவைக்காத."

"பேசினா திருப்பி அனுப்பிடுவாங்களா?"

ராணி சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் உதடுகள் மூடவில்லை.

கியோமார் கையிலிருந்த தேன் அப்பத்தைப் பிய்த்துப் பாதியைத் தாயிடம் நீட்டினாள். "காய்ச்சல் விட்டதும் மார்த்திமுக்குக் குடுங்க. இல்லன்னா நானே முழுசாத் தின்னுட்டேன்னு ஊரக் கூட்டுவான், அழுமூஞ்சி."

"குடுக்கிறேன் கண்ணு."

ஓரோவானாவும் கியோமாரும் ஏறிய கோவேறு கழுதையின் முழங்கால்வரைதான் தண்ணீர் இருந்தது. அக்கரை ஏறியதும் கியோமார் கையசைக்கத் திரும்பினாள்.

ஓடையைத் தாண்டும்வரை என்றுதான் ஆணை. கண்ணுக்கு மறையும்வரை என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மறைக்க ஒரு மரம்கூட இல்லாத வெளி அது. அரண்மனை ஆட்கள் மூட்டைகளைப் பிரித்து அவசர அவசரமாக உடுத்திக்கொண்டிருந்தார்கள். கரை வெளுத்துக்கொண்டே வந்தது.

"ஆயா, ஏன் எல்லாரும் வெள்ளையா மாறுறாங்க?"

"வெயிலுக்குத்தான், தங்கம்."

"தாத்தா செத்தப்பவும் வெயிலுக்குத்தான் போட்டாங்களா?"

பிள்ளை குதித்துவிடுவாளோ என்று ஓரோவானா அவள் இடுப்பைப் பிடித்தாள். பிடித்திருக்கத் தேவையில்லை. கியோமார் அசையாமல் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாதிகள் சிவப்புப் பட்டின் மேல் வெள்ளைக் கம்பளியைப் போர்த்தினார்கள். பாதி அப்பம் இருந்த கை மட்டும் உள்ளே போகவில்லை. ராணி அந்த விரல்களைத் திறக்க மறுத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, அந்த அப்பத்த அம்மாவையே சாப்பிடச் சொல்லியிருப்பேன்" என்றாள் கியோமார். பிறகு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.