சோலைமுத்து நிறுத்தத்தான் பார்த்தான்

1

இந்தக் கதை என் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. அதில் ஒரு பெயரை நானே எழுதி, நானே சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். பக்கத்தில் 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று ஒரு குறிப்பு வேறு. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, திண்டுக்கல்லில் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். அந்த வயதில் ஆசிரியனாக இருப்பவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1964 மே மாதத்துக் கொடும் வெயிலில், புழுதியைக் கிழித்துக்கொண்டு சீறிப் பாய்ந்த அந்தச் சின்னஞ்சிறு கார்...'

வேண்டாம். அது சீறவில்லை. இருமிக்கொண்டேதான் போனது.

2

நாகல் நகரில் என் வீட்டுக்கு எதிரே லாரிப் பட்டறை வைத்திருந்தவர் பொன்ராஜ். உதிரிபாகம் வாங்க சென்னைக்குப் போனவர், சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளர்ந்தவர்களைப் பழக்கி ஆகாது, பத்து வயதிலேயே பிடிக்க வேண்டும் என்றார். இரும்புச் சட்டத்தில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பூட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கார் செய்தார். லாரிக்காரர் அல்லவா, ஸ்கூட்டரில் கையில் இருந்த ஆக்சிலேட்டரைக் காலுக்கு இறக்கினார். வலது காலுக்கு அது, இடது காலுக்கு பிரேக்.

சாணார்பட்டிப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்தான் மைதானம். சுண்ணாம்புத் தூளால் வட்டமும், நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு கோடும் போட்டோம். பந்தயத்தில் ஒவ்வொரு பிள்ளையாக ஓட்ட வேண்டும், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், குறைந்த நேரத்தில் சுற்றி வந்தவருக்கு ஜெயம். பெயர் எழுதுவது, நேரம் குறிப்பது, கண்டிப்பது எல்லாம் என் பொறுப்பு.*

* கண்டிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆறு பிள்ளைகள். பொன்ராஜின் மகள் செல்லக்கிளியோடு சேர்த்து ஐந்து பேர் டவுன், என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஆறாவது சோலைமுத்து, பதினோரு வயது. கண்மாய்க்கு மேற்கே கத்தரித் தோட்டம் போட்டிருந்த மூக்காயியின் மகன். எங்களுக்கு முன்னால் வந்து வட்டத்துக்குள் கிடக்கும் கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டிருப்பான். அந்தக் காரில் அவனுக்கு அவ்வளவு ஆசை.

3

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றிலும் என்னை நல்லவனாகக் காட்டும் ஒரு வரி எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறது. இந்த முறை நடந்தது மட்டும்.

பந்தயத்துக்கு முந்தைய ஞாயிறு, கடைசிப் பயிற்சி. முழு வேகத்தில் ஓட்டவிட்டது அன்றுதான். சோலைமுத்து நன்றாகத்தான் ஓட்டினான். கோடு நெருங்கியதும் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன். கார் வேகம் எடுத்தது. கோட்டைத் தாண்டி, என்னையும் தாண்டி, நேராகப் போய்க் கரையில் முட்டி நின்றது. பையனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. நிறுத்தத்தான் பார்த்தேன் என்று அழுதுகொண்டே சொன்னான்.

டவுன் பிள்ளைகள் ஐந்து பேரும் சொன்ன இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே இவன் பொய் சொல்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லவும் செய்தேன். பிறகுதான் சிவப்பு மை.

4

[முதல் பிரதியில் மூக்காயி கையில் விளக்குமாற்றோடு பட்டறைக்கு வருகிறாள். வாசகர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்துவிட்டேன்.]

மறுநாள் காலை அவள் சந்தையில் காயை இறக்கிவிட்டு, நானும் பொன்ராஜும் நின்றிருந்த பட்டறை வாசலில் மாட்டுவண்டியை நிறுத்தினாள். சத்தம் போடவில்லை.

"அண்ணே, எம் புள்ள பொய் சொல்ல மாட்டான். என்னைய அதுல ஒக்கார வைங்க."

பொன்ராஜ் பின் சக்கரங்களுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார். ஒல்லியான உடம்பு, மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலது காலை லேசாக அழுத்தச் சொன்னார், அழுத்தினாள். திடீரென்று, "நிறுத்து தங்கச்சி" என்றார்.

மூக்காயி ஸ்டியரிங்கை நெஞ்சோடு இழுத்தாள். உடம்பைப் பின்னால் சாய்த்தாள். இரண்டு கால்களையும் முன்னால் ஊன்றி உதைத்தாள். அந்தரத்தில் சக்கரங்கள் பேயாய்ச் சுழன்றன. பிரேக்கும் சேர்ந்துதான் அழுந்தியது, ஆனால் இன்ஜினுக்கு அது ஈடு கொடுக்கவில்லை.

மாட்டுவண்டி ஓட்டாதவர்களுக்காக: ஓடுகிற மாட்டை நிறுத்த, கயிற்றை நெஞ்சுக்கு இழுத்து, முன்கட்டையில் இரண்டு காலையும் உதைத்துச் சாய வேண்டும். யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்துவிடும். டவுன் பிள்ளைகள் மாடு ஓட்டியவர்கள் இல்லை.

பொன்ராஜ் இன்ஜினை அணைத்தார்.

"மாட்ட நிறுத்த நாந்தேன் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் மூக்காயி.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, பிரேக்கைக் குனிந்து பரிசோதிப்பதுபோல் பாவனை செய்தேன்.

5

அன்றே பொன்ராஜ் ஆக்சிலேட்டரைக் காலிலிருந்து மறுபடி கைக்கு மாற்றினார். இனி இரண்டு காலையும் உதைத்தால் வண்டி நிற்கும். மகனை அனுப்புவாயா என்று மூக்காயியிடம் கேட்டார். ஓட்டப்போகிறவன் அவன், அவனையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். மணிக்கட்டில் கட்டு இருந்தது, வலி இல்லை என்றான். இனி முடிவு.

முடிவு ஒன்று: சோலைமுத்து ஜெயிக்கிறான். (நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: செல்லக்கிளியிடம் தோற்கிறான், ஆனால் கோட்டுக்கு மேல் சரியாக நிறுத்துகிறான். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன்.

இரண்டும் நடக்கவில்லை. காரில் ஏறுமுன் அவன் என்னிடம் வந்தான்.

"சார், நான் நிறுத்தத்தான் பாத்தேன். இப்பவாச்சும் நம்புறீகளா?"

பொன்ராஜ், மூக்காயி, ஐந்து பிள்ளைகள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மாணவர்கள் முன்னால் நான் தப்பு செய்தவனாக நிற்க வேண்டும். "நேரமாச்சு, ஏறு" என்றேன்.

அவன் ஏறவில்லை. கரையோடு நடந்து வீட்டுக்குப் போனான். பொன்ராஜ் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அவன் எந்தப் பந்தயத்துக்கும் வரவில்லை.

6

கதையில் மாற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். 'நம்புறேன்' என்று எழுதினால் மார்க் போடுவதுபோல் இருக்கிறது. 'மன்னிச்சிரு' என்று எழுதினேன். அந்த இருபத்து நான்கு வயதுக்காரன் வாயில் அது ஒட்டவே இல்லை. மேலும்...

இல்லை, என்னால் ஆகாது. பையன் கேட்டுவிட்டான், பதிலுக்கு நிற்கிறான். நீங்கள்தான் சொல்ல வேண்டும். கீழே இடம் விட்டிருக்கிறேன். அவன் ஏறுவானா மாட்டானா என்பது அதைப் பொறுத்தது.

[                                        ]