லேஸ் கையுறை

தெருவில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குச் சாக்லேட் போட்டுக் கொடுத்தனுப்பும் சின்ன அட்டைப் பெட்டிகளை வெட்டி, மடித்து, ஒட்டி, ஓரத்தில் லேஸ் வைத்து விற்பது அவள் தொழில். கேலியாக வைத்த பெயர்தான். அவளோ அதையே பலகையில் பெரிதாக எழுதிப் பட்டறை வாசலில் மாட்டிவிட்டாள். பிறகு கேலி செய்தவர்களே பெட்டி கேட்டு வந்தார்கள்.

ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஒட்டிக் கொடுத்தவளுக்குக் கடைசியில் அவள் கல்யாணமே வந்தது. மாப்பிள்ளை தங்கமானவன். குறை என்று சொன்னால் அவனுடைய அக்கா ஒருத்தி. அந்த அக்கா வாயைத் திறந்தால் 'இந்த வருஷம்' என்றுதான் தொடங்குவாள். இந்த வருஷம் அடர்ந்த நிறம் கிடையாதாம், தந்த நிறம்தானாம். இந்த வருஷம் மணப்பெண் சிரிக்கவே கூடாதாம், லேசாகப் பார்த்தால் போதுமாம். எந்த ஆபீசிலிருந்து உத்தரவு வருகிறதோ, அவளுக்கே வெளிச்சம்.

அப்படித்தான் ஒரு நாள் பட்டறைக்கு வந்து லேஸ் கையுறை ஒரு ஜோடியை மேஜைமேல் வைத்தாள். மணிக்கட்டில் முத்துப் பொத்தான் வைத்த, முழங்கை வரை நீண்ட கையுறை. பெட்டியின் லேசும் கையுறையின் லேசும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்காரியிடமே லேசில் ஒரு துண்டு வாங்கிப் போய், கடை கடையாக ஏறி இறங்கிப் பொருத்தியிருந்தாள். இந்த வருஷம் எல்லாம் பொருந்தி வர வேண்டுமாம்.

பெட்டிக்காரி முதலில் இதை வெறும் மோஸ்தர் என்றுதான் நினைத்தாள். அக்காவின் பார்வை போன இடத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சூடான பசை சொட்டிச் சொட்டிக் கைகளில் வெள்ளைத் தழும்புகள். ஆள்காட்டி விரலில் கட்டர் கிழித்த கோடு. அட்டையை அவள் நகத்தால்தான் அழுத்தி மடிப்பாள், அதனால் கட்டைவிரல் நகம் தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதே," என்றாள் அக்கா. "சொந்தக்காரங்ககிட்ட நீ டிசைனர்னு சொல்லியிருக்கோம். பெட்டியெல்லாம் பெரிய கடையில ஆர்டர் குடுத்ததுன்னு சொல்லியாச்சு. நீ பாட்டுக்கு இந்தக் கையைக் காட்டிக்கிட்டு நிக்காதே. பட்டறையை என்ன பண்றதுன்னு கல்யாணம் முடிஞ்சதும் பேசிக்கலாம்."

பட்டறை என்ற சொல்லைக் கேட்ட பிறகு பெட்டிக்காரியால் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவிடம் சொன்னால், கிடைத்த சம்பந்தத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, போட்டுத் தொலை என்று மகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மாப்பிள்ளையிடம் சொன்னாள். ஒரு நாள்தானே, போட்டுக்கோயேன் என்றான் அவன்.

"இன்னைக்குக் கையை மறைக்கணும். நாளைக்குப் பட்டறையைப் பூட்டணும். அப்பவும் ஒரு நாள்தானேன்னு சொல்வீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். அவளுக்கு அழுகை வந்திருந்தால்கூடத் தேவலாம். ஆத்திரம்தான் வந்தது.

கல்யாணம் நெருங்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னொரு சேதி. பெரியம்மா குடும்பமும் வருகிறதாம், பெட்டிகள் இன்னும் வேண்டுமாம். அட்டை இருந்தது, பசை இருந்தது, லேஸ் தீர்ந்துவிட்டது. கடையில் கேட்டால் அந்த ரகமே இனி வராது என்று கைவிரித்தார்கள். மிச்சத்துக்கு ரிப்பன் வைத்துவிடேன் என்றாள் அம்மா. சிலருக்கு லேஸ், சிலருக்கு ரிப்பன் என்று பந்தியில் பாகுபாடு செய்வது போல ஒரு வேலையைப் பெட்டிக்காரி இதுவரை செய்ததில்லை. தன் கல்யாணத்திலா செய்வாள்?

அவள் கண் மேஜைமேல் போனது. இழை மாறாமல் பொருத்தி வாங்கிய கையுறை அங்கேதான் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள். கையுறையைப் பட்டை பட்டையாக வெட்டினாள். அவ்வளவு நிம்மதியாக அவள் எதையும் வெட்டியதில்லை. முத்துப் பொத்தான் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து ஒரு பெட்டியின் மூடியில் பதித்து, அதை ஓரமாக வைத்தாள்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் அக்காதான் முன்னால் நின்று எல்லாரையும் வரவேற்றாள். முத்துப் பொத்தான் வைத்த பெட்டியைப் பெட்டிக்காரி அவளுக்குத்தான் கொடுத்தனுப்பியிருந்தாள். தனக்கென்று விசேஷமாகச் செய்தது என்று அக்காவுக்கு ஒரே பெருமை. ஓரத்தைத் தடவித் தடவி, வேலைப்பாட்டைப் பாருங்கள், பெரிய கடை பெரிய கடைதான் என்று பெரியம்மாவிடம் அளந்துகொண்டிருந்தாள். அப்போது மணப்பெண் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

அக்காவின் முகம் செத்துப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"கையுறை எங்க?"

"நீங்க பிடிச்சுக்கிட்டிருக்கிறதுதான் அண்ணி."

அக்கா குனிந்து பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள், லேசைப் பார்த்தாள். பெரியம்மாவோ மணப்பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பி, இதென்னம்மா தழும்பு என்றாள். எண்ணெய் தெறித்தது என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"எண்ணெய் இல்ல பெரியம்மா, பசை," என்றாள் பெட்டிக்காரி, மண்டபத்துக்கே கேட்கும்படி. "எந்தக் கடையிலும் வாங்கல. இந்தப் பெட்டியெல்லாம் நான் ஒட்டினது. நாளைக்கும் ஒட்டுவேன்."

சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். நாளைக்கும் என்றது அவனுக்காகத்தான். அவன் மறுத்தால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போவது என்று அவள் முடிவு செய்தே வந்திருந்தாள். பயம் இல்லாமல் இல்லை. முடிவு மட்டும் மாறவில்லை.

இடையில் போட்டோக்காரர் வந்து, கைகளை மட்டும் ஒரு படம் எடுக்கலாம், தழும்பைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றார்.

மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தான். பிறகு தன் கையை அவள் கையோடு சேர்த்து நீட்டினான்.

"எதையும் அழிக்காதீங்க," என்றான். "இருக்கிறபடியே எடுங்க."

அந்தப் படத்தில் கட்டைவிரல் நகத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பசைகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. இன்றைக்கும் பட்டறை வாசலில், பெட்டிக்காரி என்ற பலகைக்குக் கீழே, அதுதான் தொங்குகிறது.