மாதாவின் கிரீடமும் றோஸ்மலரின் காரும்

குட்மேய்ஸ் என்கிற ஆங்கிலேய ஊரில் றோஸ்மலர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கராஜில் மூன்று வருடமாக ஒரு கார் வளர்ந்து வந்தது. வளர்ந்தது என்று சொன்னால் ஏதோ முருங்கை மரம் மாதிரித் தானாக வளர்ந்தது என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியில்லை. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய இரும்புச் சட்டத்தையும் அலுமினியத் தகடுகளையும், ஒரு பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றிய எஞ்சினையும் வைத்துக்கொண்டு, வேலை விட்டு வந்த மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் அவளேதான் ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினாள்.

இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரை இல்லை, கதவு இல்லை. நீளமான மூக்கு, உடம்பை விட்டு வெளியே நிற்கிற முன் சில்லுகள். சாதாரணக் காரின் பாரத்தில் பாதிகூட வராது. பார்க்க வந்த சனமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டது.

"மழை வந்தால் என்ன செய்வீர்?"

"நனைவன்," என்பாள் றோஸ்மலர்.

அவளுக்கு வேலை பல் கட்டுகிற லாப்பில். செயற்கைப் பல்லைத் தேய்த்து மினுக்கி அனுப்புவது. நாக்கு பொல்லாதது, மயிரிழை அளவு கூர் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அந்தக் கண்ணோடும் அந்த விரலோடும்தான் காரையும் கட்டினாள். தகட்டு விளிம்பு ஒவ்வொன்றையும் அரத்தால் உருட்டி, அதன்மேல் இறப்பர் பட்டி போட்டு, வெளியே தெரிகிற திருகாணிகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி மாட்டியிருந்தாள்.

கையால் கட்டிய காரை வீதியில் விடுவதற்கு முன் அரசாங்கச் சோதனை ஒன்று உண்டு. பிரேக், வெளிச்சம், புகை எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் கனபேர் சோதனையில் விழுவது கூரான விளிம்புகளால்தான். வெளியே அடிபடுகிறவரையும் உள்ளே இருக்கிறவரையும் எதுவும் கிழிக்கக் கூடாது என்பது சட்டம். றோஸ்மலருக்கு அந்தப் பயமே இல்லை. தன்னுடைய காரில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே தடவினாலும் கை கிழியாது என்று அவளுக்குத் தெரியும். சில நாட்களில் வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் கராஜைத் திறந்து சும்மா பார்த்துவிட்டு வருவாள். அவ்வளவு பெருமை.

குறை ஒன்றே ஒன்றுதான். அந்தக் காரைக் கட்டியது கொட்வின் என்று கோயில் பங்குச் சனம் முழுவதும் நம்பியது.

கொட்வின் அவளுடைய கணவன். பங்குச் சபைச் செயலாளர்; ஏழு பேர் ஏறுகிற பெரிய வான் வைத்திருப்பவன். தேத்தண்ணி கொண்டு வருவதற்குத் தவிர வேறெதற்கும் அந்தக் கராஜுக்குள் அவன் கால் வைத்ததில்லை. ஸ்பனரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூட அந்த மனுசனுக்குத் தெரியாது என்பாள் றோஸ்மலர். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூடும்போது, றெஜினோல்ட் அண்ணை வந்து அவனுடைய முதுகில்தான் தட்டுவார். பங்கில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் அறிந்து மற்றவர்களுக்கும் அறிவிக்கிறவர் அவர்.

"கொட்வின், பின் சில்லுக்குப் பிறேக் எப்பிடியப்பா பூட்டினனீர்? நான் எண்டால் தலையைப் பிச்சிருப்பன்."

"அது பெரிய வேலை இல்லை அண்ணை," என்பான் கொட்வின். வாய் கொள்ளாத சிரிப்பு.

அந்தப் பெரிய வேலை இல்லாத வேலைக்காக றோஸ்மலர் எத்தனையோ சனிக்கிழமைகள் முதுகு உளைய நிலத்தில் படுத்துக் கிடந்திருக்கிறாள். வடைத் தட்டோடு பக்கத்தில் நின்றவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"நீங்கள் கட்டினது எண்டோ சொல்லித் திரியிறியள்?"

"நான் எங்க சொன்னனான்? அவரெல்லோ கேட்டவர்."

"இல்லை எண்டு சொல்லலாம்தானே?"

"அவ்வளவு ஆக்களுக்கு முன்னாலை அந்தாளை எப்பிடி மறுத்துக் கதைக்கிறது மலர்? அதோடை, நீர் செய்தால் என்ன, நான் செய்தால் என்ன? எங்கடை கார்தானே."

வாயால் சொல்லித் திருத்தக்கூடிய விஷயம் இல்லை என்று அன்றைக்கே றோஸ்மலருக்கு விளங்கிவிட்டது. அவள் ஒரு முடிவெடுத்தாள். ஜூலையில் மடு மாதா திருவிழா வருகிறது. திருவிழாப் பூசை முடிந்ததும், புதிதாக வாகனம் எடுத்தவர்கள் அதைக் கோயில் முற்றத்தில் நிறுத்துவார்கள். சுவாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். தெளிக்க முன்னால், "இது ஆருடைய வாகனம்?" என்று கேட்பார். சொந்தக்காரர் திறப்போடு, அதாவது சாவியோடு, முன்னுக்கு வர வேண்டும். அன்றைக்கு முழுப் பங்கும் பார்த்திருக்கத் தானே காரை ஓட்டிப் போய், தானே திறப்போடு முன்னுக்கு நிற்பது என்று தீர்மானித்தாள். அதற்குச் சோதனையில் முதல் தடவையே பாஸாக வேண்டும். விழுந்தால் மறுபடியும் திகதி எடுத்து, நம்பர் பிளேட்டும் வந்து சேரத் திருவிழா போய்விடும். பிறகு இன்னொரு வருடத்துக்குக் கொட்வின்தான் மெக்கானிக்.

சோதனை நாள் காலையில் காரை மூடியிருந்த சீலையை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டாஷ்போர்ட் தகட்டின் நடுவில் மடு மாதா நின்றார். கைவிரல் உயரத்தில் ஒரு வெண்கலச் சுருவம், குட்டிச் சிலை. போன ஆவணியில் கொட்வின் ஊருக்குப் போய், மடு மாதா கோயிலில் வாங்கி வந்தது. தலையில் கிரீடம். கிரீடத்தைச் சுற்றி ஊசி ஊசியாகக் கதிர்கள்.

"இஞ்சேருங்கோ!"

போட்ட சத்தத்தில் கொட்வின் ஷேவ் எடுத்துக்கொண்டிருந்த நுரையோடு ஓடி வந்தான்.

"இதை ஆர் ஒட்டினது?"

"நான்தான். நேற்று நீர் வேலைக்குப் போனாப் பிறகு ஒட்டினனான். கார் முதன்முதல் றோட்டிலை ஏறப் போகுது. கூரையும் இல்லை, கதவும் இல்லை. மாதா இல்லாமல் உம்மைத் தனிய எப்பிடி விடுறது?"

"எதாலை ஒட்டினியள்?"

"உம்மடை மேசையிலை ரெண்டு டியூப் கிடந்தது. ரெண்டையும் கலந்து..."

றோஸ்மலர் தலையில் கையை வைத்தாள். அது தகட்டைச் சட்டத்தோடு ஒட்டுகிற பசை. காய்ந்துவிட்டால் பிறகு சென்மத்துக்கும் விடாது. சுருவத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள், தகடுதான் முனகியது. பலவந்தமாக இழுத்தால் தகடு நெளியும், பின்னால் ஓடுகிற வயரெல்லாம் கையோடு வரும். இந்தக் காரில் அவன் பூட்டிய ஒரே சாமான் அதுதான். அதையும் இவ்வளவு இறுக்கமாகப் பூட்டித் தொலைத்திருந்தான்.

"அவங்கள் கூர்தான் பாக்கிறவங்கள். கிரீடத்தைப் பாருங்கோ, முழுக்க ஊசி!"

"மாதாவைப் பாத்து ஆரும் பெயில் போடுவாங்களோ?" என்றான் கொட்வின். பகிடிக்குச் சொல்லவில்லை; உண்மையாகவே நம்பித்தான் சொன்னான்.

நிற்க நேரம் இல்லை. சோதனைக்குப் போகிற வழிக்கு மட்டும் நம்பர் பிளேட் இல்லாமல் ஓட அனுமதி உண்டு. அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினாள். கொட்வின் வானில் பின்னால் வந்தான்.

கோபத்தோடுதான் தெருவில் இறக்கினாள். ஆனால் அந்தக் கோபம் ஹை ரோட்டைத் தாண்டவில்லை. வானில் இருந்தால் றோட்டு எங்கேயோ கீழே கிடக்கும். இதில் கையை நீட்டினால் தொடலாம் போலிருந்தது. திருப்ப வேண்டும் என்று நினைக்கும்போதே கார் திரும்பியது. கால் பட்டதும் பாய்ந்தது. பக்கத்தில் வந்த பஸ்ஸின் சில்லு அவளுடைய காதுக்கு நேரே சுற்றியது. பஸ்ஸுக்குக் காத்து நின்ற பள்ளிக்கூடப் பெட்டைகள் கூச்சல் போட்டுக் கை காட்டினார்கள். காற்று பட்டுக் கண்ணீர் வந்தது. காற்று குறைந்த இடத்திலும் வந்தது.

"கடவுளே, ஓடுது. நான் பூட்டினது ஓடுது," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சோதனை நிலையத்தில் இருந்தவர் நரைத்த தாடி வைத்த ஓர் ஆங்கிலேய அதிகாரி. நிதானமான மனிதர். பிரேக் பார்த்தார், பாஸ். வெளிச்சம், புகை, சத்தம், கண்ணாடி எல்லாம் பாஸ். பிறகு ஒரு சின்ன அளவுகோலை எடுத்துக்கொண்டு விளிம்பு விளிம்பாகத் தடவினார். கொப்பி திருத்துகிற வாத்தியார் மாதிரிப் புருவத்தை நெரித்துக்கொண்டு தொடங்கியவர், போகப் போக மெச்சித் தலையை ஆட்டத் தொடங்கினார். றோஸ்மலர் தள்ளி நின்று அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதாவிடம் வந்ததும் அவருடைய கை நின்றது. இரண்டு பேரையும் கிட்டக் கூப்பிட்டார்.

இது யார் என்று மரியாதையாகக் கேட்டார். எங்களுடைய மாதா என்றாள் றோஸ்மலர். மன்னிக்க வேண்டும், இந்தக் கிரீடத்தோடு பாஸ் போட முடியாது, கார் எதிலாவது மோதினால் நெற்றி இதில்தான் வந்து இடிக்கும் என்றார் அவர். பிறகு கொட்வின் பக்கம் திரும்பினார். இதைத் தவிர ஒரு குறையும் இல்லை, இவ்வளவு சுத்தமான கைவேலையைக் கண்டு கனகாலம், பாராட்டுகள் என்று சொல்லிக் கையை நீட்டினார்.

கொட்வினுடைய கையும் பழக்கத்தில் நீண்டது. வாயும் சிரிக்கத் தயாரானது.

"கட்டியது நான்," என்றாள் றோஸ்மலர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை காலம் தொண்டைக்குள் கிடந்த சொல் ஆகையால் தெளிவாகத்தான் வந்தது. அதிகாரி முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். நீட்டிய கையை அவள் பக்கம் திருப்பி, அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். கொட்வின் தன்னுடைய வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் விட்டான்.

தான் உள்ளே போய் மற்ற அலுவல்களை முடித்துவிட்டு வருவதாகவும், அதற்குள் கிரீடத்தைச் சரிசெய்தால் திரும்பப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

றோஸ்மலர் கருவிப் பையிலிருந்து அரத்தை எடுத்தாள். ஆயிரக்கணக்கான பல் தேய்த்த கை. மாதாவின் தலைக்கு மேலே போனதும் அது கீழே இறங்க மறுத்தது. நினைவு தெரிந்த நாள் முதல் பூ வைத்துக் கும்பிட்ட கிரீடத்தை எப்படி அராவுவது?

"எனக்கு ஏலாது," என்றாள். அழுகை வந்துவிட்டது. "கார் போனால் போகட்டும்."

கொட்வின் அவளுடைய கையிலிருந்து அரத்தை வாங்கினான். சிலுவை அடையாளம் போட்டான்.

"மாதாவே, பிழை விட்டது நான். அவளோடை கோவியாதேயும்," என்று சொல்லிவிட்டு, காருக்குப் பக்கத்தில் சீமெந்து நிலத்தில் முழங்காலில் நின்று அராவத் தொடங்கினான்.

"அப்பிடி அறுக்காதேங்கோ. ஒரு பக்கமா இழுங்கோ. மெல்ல."

"இப்பிடியோ?"

"ஓம். முனை உருண்டாப் பிறகு அடுத்த கதிர்."

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு கதிர் முடிவதற்குள் விரல் நொந்தது. கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தவன், காரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தான். எத்தனை விளிம்பு, எத்தனை மூலை! ஒவ்வொன்றும் இப்படித் தேய்பட்டிருக்கிறது. அரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடுத்த கதிருக்குக் குனிந்தான்.

கடைசியில் றோஸ்மலர் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் கிரீடத்தைச் சுற்றித் தடவினாள். எங்கேயும் குத்தவில்லை. மாதா இப்போது வட்டத் தொப்பி போட்டவர் மாதிரி இருந்தார். அதிகாரி வந்து அளந்து பார்த்தார். பாஸ்.

திருவிழாவுக்கு முன்னாலேயே நம்பர் பிளேட் வந்து சேர்ந்தது. அன்றைக்குக் கோயில் முற்றத்தில் புது வாகனங்கள் வரிசையாக நின்றன. றோஸ்மலர் ஓட்டிக்கொண்டு வந்து கடைசியில் நிறுத்தினாள். பக்கத்து இருக்கையில் தொந்தியை பெல்ட்டுக்குள் திணித்துக்கொண்டு கொட்வின் இருந்தான். எஞ்சின் சத்தத்துக்கே சனம் திரண்டுவிட்டது. றெஜினோல்ட் அண்ணை நேரே கொட்வின் பக்கத்துக்கு வந்தார்.

"வந்திட்டார் எங்கடை இஞ்சினியர்! என்ன கொட்வின், இண்டைக்கு மனுசிக்கு ஓடக் குடுத்திட்டீரோ?"

எல்லாரும் சிரித்தார்கள். றோஸ்மலருக்கு நெஞ்சு விழுந்துபோனது. இனித் திறப்போடு முன்னுக்குப் போய் என்ன? மனுசியிடம் திறப்பைக் கொடுத்து அழகு பார்க்கிறார் என்றுதானே சொல்லப் போகிறார்கள். இவ்வளவு காலம் பார்த்திருந்த நாள் கைக்குள் வந்து நழுவுவது அவளுக்குத் தெரிந்தது.

சுவாமியார் தீர்த்தச் செம்போடு வந்து நின்றார். "இது ஆருடைய வாகனம்?"

"சுவாமி, ஒரு நிமிசம்," என்றான் கொட்வின்.

பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கிற குரல் அது. முற்றத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

"இது என்ரை மனுசியின்ரை கார். வாங்கினது இல்லை, கட்டினது. முதல் ஆணியிலை இருந்து கடைசி ஆணி மட்டும் றோஸ்மலர் தனியக் கட்டினவ. ஆக்கள் என்னைக் கேக்கேக்கை நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான், அது பிழை. இதிலை நான் ஒரேயொரு சாமான்தான் பூட்டினனான். சோதனையிலை பெயிலானது அது ஒண்டுதான்."

யாரோ ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள்; சுவாமியாரும் சிரித்தார். கொட்வின் மட்டும் சிரிக்கவில்லை. காது சிவக்க நேரே பார்த்துக்கொண்டு இருந்தான். றோஸ்மலருக்கு நெஞ்சு நிறைந்து போனது. காரை நினைத்துப் பெருமைப்பட்டுப் பழகியிருந்தாள். இந்த மனுசனை நினைத்தும் இப்படிப் பெருமைப்படலாம் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அவள் இறங்கித் திறப்போடு முன்னுக்குப் போனாள். சுவாமியார் மந்திரித்து முடித்ததும், றெஜினோல்ட் அண்ணை காரைச் சுற்றிக்கொண்டு அவளுடைய பக்கம் வந்தார்.

"தங்கச்சி, உந்த எஞ்சின் மூடியை ஒருக்காத் திறந்து காட்டுமன்," என்றார்.

றோஸ்மலர் திறந்தாள். ஆண்களும் பெண்களும் நெருக்கியடித்துக்கொண்டு குனிந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளங்கப்படுத்தத் தொடங்கினாள். பெல்ட்டைக் கழற்றத் தெரியாத கொட்வின், உள்ளே இருந்தபடியே கழுத்தை நீட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.