நோயில்லாத பன்றிகள்

மண்டப வாசலில் நின்ற காவலாளி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தான். சட்டையை மாற்றியவனுக்குக் கிடங்கு பூட்ஸை மாற்ற நேரமில்லை.

"டெலிவரின்னா பின்பக்கமா போங்க."

"டெலிவரி இல்ல. இன்னைக்கு விருது வாங்கற பொண்ணோட அண்ணன்."

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா சார்." கதவைத் திறந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீங்களும் நம்ம லைன்தானே? பூட்ஸே சொல்லுதே. நைட்டா?"

"நைட்டுதான். மாத்திவிட வேண்டியவன் லேட்டு."

"அவனுங்க என்னைக்கு நேரத்துக்கு வந்தானுங்க."

இரண்டாவது வரிசையில் 'குடும்பத்தினர்' என்று தாள் ஒட்டிய நாற்காலிகள் எல்லாமே காலி. அவற்றில் ஒன்றில் உட்கார்ந்தான். அம்மா வரவில்லை. "நான் இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எங்க வர்றது? நீ போ. அவகூட பேசணும்னு இல்ல, சும்மா போய் உக்காரு. காலி நாற்காலிய அவ பார்க்கக் கூடாது" என்று போனில் சொல்லியிருந்தாள். "பார்க்கட்டுமே" என்றான். "டேய்" என்றாள் அம்மா.

ஆனால் அவன் வந்தது அம்மாவுக்காக இல்லை. அந்தப் பன்றிகள் யாருடையவை என்று தங்கை மேடையில் சொல்வாளா, மாட்டாளா என்று கேட்க வந்தான். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஊரில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். சிலர் பிதற்றியபடியே செத்தார்கள். விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்கு வரும் நோய்களை ஆராயும் இடத்தில் அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பட்டி பட்டியாகப் போய்ப் பன்றி இரத்தம் எடுத்தாள். அந்த இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயே இல்லாத பன்றிகளின் இரத்தமும் தேவைப்பட்டது. அதற்கு நேராக வீட்டுக்கு வந்தாள். "நம்ம பட்டிய விட சுத்தமா வேற எங்க இருக்குண்ணா?" என்றாள். பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பன்றியையும் தானே பிடித்துக் கொடுத்தான். வேறு யார் பிடித்தாலும் ஊரையே கூட்டும் பன்றிகள், அவன் தொடைக்கு நடுவில் முனகிக்கொண்டு நின்றன.

"பார்த்துக் குத்து, கடிச்சிடப் போகுது."

"அதெல்லாம் கடிக்காது. நீ கடிக்காம இருந்தா போதும்."

அந்த இரத்தத்தில்தான் நோய் இருந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, தீனியில் குறை வைக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றிலும் இருந்தது. சீக்கு வந்த பன்றியை எவனும் தொடமாட்டான். தெம்பாக நிற்கும் பன்றியிடமிருந்துதான் நோய் ஏறுகிறது என்று அவள் கண்டுபிடித்தாள். இன்று விருது அதற்குத்தான்.

அன்றைக்கே மேலிடத்துக்குச் சொன்னாள். வீட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? லாரி பிடித்துப் பன்றிகளை வேறெங்காவது தள்ளிவிட்டிருப்பான். அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் போடவில்லை. இதில் யாரைத் திட்டுவது என்று அவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கொன்று புதைக்க வெட்டிய குழிப்பக்கம் பன்றிகள் போக மறுத்தன. தடியால் தட்டிப் பார்த்தார்கள், கயிறு போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அதிகாரி அவனிடம் வந்தார். "நீங்க கூப்பிட்டா வருமா?"

கூப்பிட்டான். வந்தன.

அதன் பிறகு அவன் தங்கையோடு பேசவில்லை. பட்டியை மூடிவிட்டு இந்த நகரத்துக்கு வந்து குளிர்கிடங்கில் காவல் வேலையில் சேர்ந்தான். கிடங்கின் குளிர் ஆளைத் தூங்க விடாது. இந்த மண்டபத்துக் குளிர் வேறு ஜாதி, நாற்காலி வேறு மெத்தென்று உள்ளே இழுத்தது. யார் யாரோ பேசினார்கள். அவளுடைய பேராசிரியர், தலை முழுக்க நரைத்தவர், இவ்வளவு சின்ன வயதில் இப்படியொரு ஆய்வைத் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். இளைத்திருந்தாள். மைக் முன்னால் நின்று இரண்டாவது வரிசையைப் பார்த்தாள், பேச வந்ததை நிறுத்தினாள், தண்ணீர் குடித்தாள்.

"ஒப்பீட்டுக்காக ஆரோக்கியமான பன்றிகள் தேவைப்பட்டன" என்று ஆரம்பித்தாள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். திரையில் புள்ளி புள்ளியாக ஒரு வரைபடம் வந்தது. அதில் தன் பட்டி எந்தப் புள்ளி என்று தேடினான்.

கைதட்டல் கேட்டு விழித்தான்.

மண்டபமே எழுந்து நின்றிருந்தது. முன்வரிசை முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்து, அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இப்பதான் புரியுது" என்றார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொன்னாள் என்று யாரிடம் கேட்பது? கேட்டால் அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

தங்கை கேடயத்தோடு வந்தாள்.

"வந்தியே."

"ம்."

"கேட்டியாண்ணா?"

அவள் உதடு துடித்தது. அதைப் பார்த்துவிட்டு அவன், "கேட்டேன்" என்றான்.

"தனியா உங்கிட்ட சொல்ல தைரியம் வரல. அதான் எல்லார் முன்னாடியும் சொன்னேன். இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாதுண்ணா, கேட்காத." கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

மன்னிப்புக் கேட்டாளோ, மறுபடியும் அப்படித்தான் செய்வேன் என்றாளோ.

"என்னத்தச் சொல்றது. சரியாத்தான் சொன்ன."

அவள் தோள்கள் தளர்ந்து இறங்கின. சின்னப் பிள்ளை மாதிரி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"அம்மாகிட்டயும் நீயே சொல்லிடுறியா, நான் என்ன பேசினேன்னு? என்ன பேசப் போறேன்னு அது நேத்து ராத்திரியிலேருந்து கேட்டுட்டே இருக்கு."

"சொல்றேன்."

புகைப்படக்காரன் இருவரையும் பேனர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அண்ணன்தான் உயரம், கொஞ்சம் பின்னால் நிற்கட்டும் என்றான். பிறகு வேண்டாம், பக்கத்திலேயே நிற்கட்டும் என்றான். விளக்கு நேராக முகத்தில் அடித்தது.

"கண்ணு சொருகுதுண்ணே. நல்லா முழிச்சுப் பாருங்க."

அவன் முழித்துப் பார்த்தான். இமைக்கவில்லை. எரிச்சலில் கண்களில் நீர் கட்டி, ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. பக்கத்தில் தங்கை அதைப் பார்த்துவிட்டாள். கேடயத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறுகையால் அவன் விரல்களைத் தேடிப் பிடித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கன்னத்தையும் துடைக்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.